மகஜர்: பஞ்சநாமா என்று தொடரில் சொல்கிறார்களே, அதற்கு நம்மூர்ச் சொல்

போன மாதம் வீட்டில் உட்கார்ந்து ஒரு கொலை வழக்குத் தொடர் பார்த்தோம். இந்தியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தது, கதை நடப்பது மும்பையில். முதல் பகுதியிலேயே அடுக்குமாடி வீட்டில் பிணம் கிடக்கிறது, இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு "பஞ்சநாமா எழுதுங்க" என்கிறார். எங்கள் மாமாவும் கூட இருந்தார். "பஞ்சநாமாவா? அது என்ன கண்ணு?" என்று கேட்டார். எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் திரையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு நிறுத்தி, ஒரு ஏட்டு தாளில் எழுத, அவர்கள் கீழே கையெழுத்துப் போட்டார்கள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, மகஜர்!"

அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஏற்காடு அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் தலையாரியாக இருந்தவர் அவர், இப்போது கிராம உதவியாளர் என்கிறார்களே, அந்த வேலை. ஊரில் ஒரு கொலை, ஒரு திருட்டு, கிணற்றில் ஒரு பிணம் என்றால் போலீஸ்காரர்கள் முதலில் தேடுவது கிராம நிர்வாக அலுவலரையும் தலையாரியையும்தான். அந்த இரண்டு பேருடைய கையெழுத்து இல்லாத கொலை வழக்குக் கட்டு நம் பக்கத்தில் குறைவு.

சரி, மகஜர் என்றால் என்ன? குற்றம் நடந்த இடம் எப்படி இருந்தது, அங்கே என்ன கிடந்தது, எந்தப் பொருளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையெல்லாம் அங்கேயே அப்போதே எழுதி, வெளியாட்கள் இரண்டு பேரைப் பார்க்க வைத்து அவர்களிடம் கையெழுத்து வாங்கிய தாள். இடத்தை விவரித்து எழுதினால் பார்வை மகஜர். பொருளை எடுத்ததற்கு எழுதினால் கைப்பற்றுதல் மகஜர். இதை முதல் தகவல் அறிக்கையோடு குழப்பிக்கொள்கிறார்கள், அது புகார் வந்ததும் நிலையத்தில் பதிவது. பிரேத விசாரணை அறிக்கையும் வேறு, அதைப் பஞ்சாயத்தார் முன்னால் பிணத்தை வைத்து எழுதுவார்கள். டாக்டர் எழுதுவது உடற்கூராய்வு அறிக்கை. ஒரே கொலைக்கு இத்தனை தாள்.

பார்வை மகஜர் எழுதுகிற முறையே தனி அழகு. நான் ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்: "சம்பவ இடமானது மலைப்பாதைத் தார்ச்சாலைக்கு வடக்கே நாற்பதடி தூரத்தில் உள்ள காப்பித் தோட்டத்தின் உட்புறம். கிழக்கே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம். தெற்கே கல்லடுக்கிய வேலி. மேற்கே ஓடை. வடக்கே தோட்டத்துக் கூலி வீடுகள். மின்விளக்கு ஏதும் இல்லை." அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆளை அடையாளம் கண்டேன் என்று பிறகு ஒரு சாட்சி சொன்னால், வக்கீல் எழுந்து இந்த ஒரு வரியைத்தான் தூக்கிக் காட்டுவார். அப்புறம் ரத்தம் தோய்ந்த மண்ணைக் கொஞ்சம் ஒரு டப்பாவிலும், பக்கத்திலேயே கறை படாத மண்ணைக் கொஞ்சம் இன்னொரு டப்பாவிலும் எடுப்பார்கள், ஆய்வகத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதற்கு ஒரு கைப்பற்றுதல் மகஜர்.

சட்டம் எழுதிய இடத்தில் போய்த் தேடினால் இந்தச் சொல் கிடைக்காது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, சோதனை போடும்போது அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, சார்பில்லாத, மதிப்புள்ள இரண்டு பேரையாவது அழைத்து அவர்கள் முன்னால் செய்ய வேண்டும், எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொன்னது. அவ்வளவுதான். அந்தத் தாளுக்கு மகஜர் என்று பெயர் வைத்தது சட்டப் புத்தகம் இல்லை, கச்சேரிப் பேச்சு, அதாவது அந்தக் கால அரசு அலுவலகப் பேச்சு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் இதே விதி 103ஆவது பிரிவாக இருக்கிறது.

இப்போது சொல்லுக்கு வருவோம். மகஜர் அரபுச் சொல், பாரசீகம் வழியாக நமக்கு வந்தது. மூலம் 'மஹ்ளர்'. அரபியில் ஹ, ள, ர என்ற மூன்று மெய்கள் சேர்ந்த வேரிலிருந்து பிறந்தது, அந்த வேருக்குப் பொருள் 'எதிரில் இருத்தல், வந்து நிற்றல்'. நடுவில் உள்ள அரபு எழுத்தைப் பாரசீகர் 'ஸ' போல அதிர்த்துச் சொன்னார்கள், நாம் அதை 'ஜ' ஆக்கிக்கொண்டோம். இதே வேரில் பிறந்த இன்னொரு சொல்லை நீங்கள் தினம் கேட்கிறீர்கள்: ஆஜர். கோர்ட்டில் ஆஜரானார் என்கிறோமே, அது 'ஹாளிர்', எதிரில் இருப்பவர். பழைய ஆவணங்களில் கலெக்டர் கச்சேரியை ஹுஜூர் கச்சேரி என்று எழுதியிருப்பார்கள், அந்த ஹுஜூரும் இதே குடும்பம்தான். ஆள் எதிரில் நின்றால் ஆஜர். ஆட்களை எதிரில் நிறுத்தி எழுதினால் மகஜர். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு இந்தச் சொல் மேல் தனி மரியாதை.

ஆனால் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு மகஜர் என்றதும் போலீஸ் நினைவுக்கு வராது. 'கலெக்டரிடம் பொதுமக்கள் மகஜர் அளித்தனர்' என்ற தலைப்புத்தான் வரும். திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் தெரியும், தண்ணீர் வரவில்லை, பட்டா வரவில்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்று ஊரே கையெழுத்துப் போட்ட தாளோடு நிற்பார்கள். 2018இல் எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது இந்த மாவட்டத்து விவசாயிகள் இப்படித்தான் மனுவும் கையுமாக அலைந்தார்கள். ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு பொருள் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். விடை முகலாயர் காலத்தில் இருக்கிறது. அங்கே மஹ்ஸர் என்றால் பலர் கூடி, இது உண்மை, இதற்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்த பத்திரம். 1579இல் அக்பருக்கு மார்க்க விஷயத்தில் முடிவு சொல்லும் அதிகாரம் உண்டு என்று உலமாக்கள், அதாவது இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள், கையெழுத்திட்டுக் கொடுத்தார்களே, அதற்குப் பெயரே மஹ்ஸர். பலர் கையெழுத்து என்கிற பாதி மனுவுக்குப் போனது, கண்ணெதிரே என்கிற பாதி போலீஸ் தாளுக்குப் போனது.

சேலத்துக்கு இது வந்த வழி கஷ்டமில்லாமல் புரியும். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஆகும் வரை இந்தச் சீமை மைசூர் ஆட்சியில், ஹைதர், திப்பு கையில் இருந்தது. அதன்பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்ரோவும் இங்கே வந்து உட்கார்ந்தார்கள். ஆட்சி மாறியது, கச்சேரிப் பேச்சு மாறவில்லை. தாசில்தார், அமீனா, ஜப்தி, வாய்தா, ஜாமீன், வக்காலத்து என்று அத்தனையும் அப்படியே ஒட்டிக்கொண்டன. கேரளத்திலும் கர்நாடகத்திலும் போலீஸ்காரர்கள் மகஜர் என்றுதான் சொல்கிறார்கள், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் மாறும்.

பஞ்சநாமா மராட்டி, குஜராத்தி, இந்திப் பக்கத்து வழக்கு. 'பஞ்ச்' என்றால் ஐந்து, ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரும் ஆளுக்கும் அதுவே பெயர். 'நாமா' பாரசீகம், பத்திரம் என்று பொருள். நம் 'நாமம்' இல்லை இது, பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ராஜினாமாவில் இருக்கிற நாமாதான் இது: ராஜி ஆகிவிட்டேன், சம்மதம் என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம் தமிழில் வேலையை விடுகிற கடிதமாகிவிட்டது. ஆக பஞ்சநாமா என்றால் பஞ்சாயத்தார் பத்திரம். ஐந்து பேர் வேண்டியதில்லை, இரண்டு பேர் போதும். மும்பைக் கதையில் மும்பைப் போலீஸ் அப்படிச் சொல்வது சரிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் நடக்கிற கதையிலேயே இப்போது சில வசனங்களில் பஞ்சநாமா என்று வர ஆரம்பித்துவிட்டது. அது எனக்கு நிஜமாகவே வருத்தம். இங்கே எந்த ஏட்டும் அப்படிச் சொல்ல மாட்டார்.

தமிழில் இந்த வழக்கமே இல்லையா என்றால், நன்றாகவே இருந்தது. சோழர் செப்பேடுகளைப் பாருங்கள், நிலம் கொடுத்தால் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நான்கு திக்கும் சொல்லி, 'இவ்விசைத்த பெருநான்கெல்லையுள்' என்று முடிப்பார்கள். பார்வை மகஜரில் கிழக்கே மரம், மேற்கே ஓடை என்று எழுதுகிறோமே, அதே நடைதான். ஆவணத்தின் அடியில் சாட்சிகள் ஒவ்வொருவராக 'இப்படி அறிவேன்' என்று சொல்லிக் கையெழுத்து வைப்பார்கள். 'அறிவேன்', எவ்வளவு கனமான சொல்! பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை, சுந்தரரைத் தன் அடிமை என்று வழக்காட வந்த கிழவரிடம் மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறது: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அதாவது நெடுநாள் வழக்கம், எழுத்து, பக்கத்தில் இருப்பவர் கண்டது. 'அந்த வட்டாரத்தைச் சேர்ந்த சார்பில்லாத ஆள்' என்று சட்டம் நீட்டி முழக்குவதை 'அயலார்' என்ற ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் மகஜருக்குத் தமிழ் என்ன? மனு என்ற பொருளில் வரும்போது சிக்கலே இல்லை, கூட்டு மனு என்றாலும் கோரிக்கை மனு என்றாலும் எல்லாருக்கும் புரியும், இன்னும் நல்ல தமிழாக வேண்டுமென்றால் கூட்டு முறையீடு. போலீஸ் மகஜருக்குத்தான் யோசிக்க வேண்டும். 'அத்தாட்சி' என்று நம் வழக்குக் கட்டுகளில் எழுதுவது உண்டு. எனக்கு அது போதவில்லை. ரேஷன் கார்டும் இருப்பிட அத்தாட்சிதான், பிறப்புச் சான்றும் அத்தாட்சிதான், ஆள் எதிரில் நின்ற சேதி அதில் இல்லை. 'பார்வை அறிக்கை' என்றால் யார் பார்வை என்று தெரியவில்லை, இன்ஸ்பெக்டர் தனியாகப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. 'அயலார் காட்சி' எனக்குப் பிடித்தது, ஆனால் இன்றைக்குப் படிக்கிறவருக்கு காட்சி என்றால் சினிமாக் காட்சி.

இந்த ஊர் கலைச்சொல்லுக்குப் புதிது இல்லை. இங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி, 1916இல் நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கவென்றே சேலத்தில் ஒரு சங்கம் வைத்தார். வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் சொல் தேடிய ஊரில் கோர்ட் தாளுக்கு ஒரு சொல் கிடைக்காதா என்று நான் மாமாவிடமே கேட்டேன். மகஜரில் என்னதான் எழுதுவீர்கள், ஒரு வரி சொல்லுங்கள் மாமா என்றேன். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் மனப்பாடமாகச் சொன்னார்: "மேற்படி பொருட்களை கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றி..."

முன்னிலையில்! மஹ்ளர் என்ற அரபுச் சொல்லுக்கு நேர் தமிழ் அந்தத் தாளுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே, எதிரில் நிற்கிற 'நீ' தான் முன்னிலை. அதனால் என் முடிவு 'முன்னிலைக் குறிப்பு'. இடத்தைப் பார்த்து எழுதினால் இட முன்னிலைக் குறிப்பு, பொருளை எடுத்ததற்கு எழுதினால் கைப்பற்றுதல் முன்னிலைக் குறிப்பு. போலீஸ் நிலையத்தில் மகஜர் என்று சொல்கிறவரைத் திருத்தப் போக வேண்டாம், அது இருநூறு வருஷத்துக்கு மேல் புழங்கிய சொல், தொடருக்குத் தமிழ் வரி எழுதுகிறவர்கள் இதில் ஏதாவது ஒன்றைப் போடலாம்.

புதிய சட்டத்தின் 105ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. நல்லதுதான். அதைச் சொன்னதும் மாமா இரண்டு வழக்கைச் சொன்னார். ஒன்று, கிணற்றடிக் கொலை. அன்றைக்கு விடிகாலையிலிருந்து அவர் அங்கேயே நின்றிருக்கிறார், மண் எடுத்தது, அரிவாளை வைக்கோல் போரிலிருந்து உருவியது எல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறார். ஏழு வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில், புளியமரம் மோட்டார் ரூமுக்கு எந்தப் பக்கம் என்று வக்கீல் கேட்டாராம். யோசிக்கவே இல்லை, மேற்கே என்றாராம். மகஜரிலும் மேற்கு.

இன்னொன்றில், ஒரு காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு, முந்தின நாளே எழுதி வைத்த தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். கத்தி மேஜை மேல் இருந்தது. அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. போட்டுவிட்டார், அந்தக் காலத்தில் மறுக்கிற தைரியம் தலையாரிக்கு ஏது? சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவரால் பொய் சொல்ல முடியவில்லை. அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். தாளைக் கையில் கொடுத்து இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டதற்கு மாமா சொன்ன பதில் இது.

"கையெழுத்து என்னுதுதானுங்க. அந்த எடத்துல நான் இல்லீங்க."