சொத்து வரி வேறு, செல்வ வரி வேறு

கேரளத்தில், பாலக்காட்டு எல்லைப்பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் நான் தினமும் டீ குடிக்கும் கடையில் சென்னைச் செய்திச் சேனல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். 2024 ஜூலையில் ஒருநாள், திரையின் அடியில் 'பெரும் பணக்காரர்களுக்கு 2 சதவீத சொத்து வரி: ஜி20 நாடுகள் ஆலோசனை' என்று எழுத்து ஓடியது. பக்கத்தில் இருந்த பெரியவர் சட்டைப் பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் பெரும் பணக்காரர்கள் ஓடி மறைந்துவிட்டார்கள். அவர் கண்ணுக்குச் சிக்கியது சொத்து வரி மட்டும்.

"ஏனுங்க தம்பி, வில்லேஜ் ஆபீஸுல கரம் கட்டியாச்சு, பஞ்சாயத்துல வீட்டு வரியும் கட்டியாச்சு. இது எந்தக் கணக்குலீங்க புதுசா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. கேரளத்தில் 2023 ஏப்ரலில் இருந்து கட்டிட வரி ஆண்டுக்கு 5 சதவீதம் வீதம் ஏறுகிறது. ஓட்டு வீடு, கொஞ்சம் தென்னை, அதில் கள்ளுக்கு விட்ட மரங்கள் சில. இவ்வளவுதான் அவருக்கு. இந்த மனிதரை ஒரு வரி எழுத்தில் உலகக் கோடீஸ்வரர்களோடு ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டது அந்த மொழிபெயர்ப்பு. இதே தவறை நான் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பொறுக்கவில்லை.

ஆங்கிலத்தில் 'வெல்த் டாக்ஸ்' என்பது ஒன்று, 'பிராப்பர்ட்டி டாக்ஸ்' என்பது இன்னொன்று. இரண்டாவது, நகராட்சியோ பஞ்சாயத்தோ வீட்டுக்கும் கடைக்கும் போடுவது. வாளையாருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில், அதற்குச் சொத்து வரி என்று பெயர். மாநகராட்சி ரசீதிலேயே அச்சடித்திருக்கும். அதை மாற்றச் சொல்லவில்லை, அது ஊறிப்போன சொல். முதலாவது அப்படியல்ல. ஒருவரிடம் இருக்கும் பங்கு, பத்திரம், நகை, ரொக்கம், மனை எல்லாவற்றையும் கூட்டி, அதில் கடனைக் கழித்து, மிஞ்சும் மொத்தத்தில் ஒரு பங்கு கேட்பது. வீட்டு வரி கேட்பவர் கட்டிடத்தை அளப்பார். வங்கிக் கடனில் கட்டிய வீடா, சொந்தக் காசில் கட்டியதா என்று அவர் கேட்கமாட்டார்.

வேர்க்கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 'சொத்து', தனக்குரிய தன்மை என்ற பொருளுள்ள 'ஸ்வத்வம்' என்னும் வடசொல்லின் வழி வந்தது. மலையாளத்தில் இன்னும் 'ஸ்வத்து' என்றே உச்சரிக்கிறார்கள். 'செல்வம்' நம்முடையது. செல்வதால் செல்வம் என்று சொல்வது பழைய வழக்கம்; 'அகடுற யார்மாட்டும் நில்லாது செல்வம் சகடக்கால் போல வரும்' என்று நாலடியார் சொல்லும்போதும் அந்த நில்லாமைதான் பேச்சு. 'வரி' என்றால் கோடு, எழுத்து, அரசுக்குச் செலுத்துவது எல்லாம்தான். சோழர் கல்வெட்டுகளில் வரும் புரவுவரித் திணைக்களம் அந்தக் காலத்து வருவாய்த்துறை. எங்கள் பக்கம் 'கரம்' என்றால் நிலவரி, பொதுவாக வரிக்கு 'நிகுதி'. 'நிகுதி' நம் அகராதிகளிலும் இருக்கிறது, நாம்தான் விட்டுவிட்டோம். போகட்டும்.

வெல்த் டாக்ஸைப் பொறுத்தவரை நான் 'செல்வ வரி' கட்சி. இது என் கண்டுபிடிப்பு இல்லை, பொருளாதாரப் பாடம் படித்தவர்களுக்குப் பழகிய சொல்தான். பழகியதை விட்டுவிட்டுக் குழப்பமானதை ஏன் எடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தமிழ் வாத்தியாராக இருந்தாலும் பாலக்காட்டு வழக்கப்படி எல்லோருக்கும் அவர் மாஷ்தான். அவருக்கு இரண்டு சொல்லும் பிடிக்காது. 'சொத்து' வடமொழி, தள்ளு. 'செல்வம்' நல்ல தமிழ், ஆனால் வரிக்கு ஆகாது என்பார். "செல்வத்துள் செல்வம் செவிச்செல்வம் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். காதுக்கும் வரி போடுவீர்களா? குழந்தைச் செல்வத்துக்கு? பதினாறு செல்வத்துக்கும் பதினாறு விகிதமா?" அவர் முன்வைக்கும் சொல் 'உடைமை வரி'. ஒருவர் உடையது எதுவோ அதற்கு வரி, தூய தமிழ், முடிந்தது என்கிறார்.

மாஷிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 'உடைமை' என்ற சொல்லை இன்றைய தமிழர் எங்கே கேட்கிறார்? ரயில் நிலையத்தில். 'பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுமாறு' என்று ஒலிபெருக்கி சொல்லும்போது நாம் குனிந்து பார்ப்பது பையையும் சூட்கேஸையும். உடைமை வரி என்றால் லக்கேஜுக்குப் போட்ட வரி என்றுதான் முதலில் தோன்றும். அது கிடக்கட்டும், இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. உடைமையில் கடன் கழியாது. அடகு வைத்த டிராக்டரும் என் உடைமைதான். பத்து ஏக்கர் வைத்திருந்து அதற்குமேல் கடன் வைத்திருப்பவனுக்கு உடைமை உண்டு, சொத்தும் உண்டு. அவனைச் செல்வன் என்று யாராவது சொல்வார்களா? கடன் போக மிஞ்சுவது என்ற பொருள் இந்த மூன்றில் 'செல்வம்' என்ற சொல்லுக்குள்தான் சொல்லாமலே உட்கார்ந்திருக்கிறது.

செவிச்செல்வத்தைப் பொறுத்தவரை, பின்னால் 'வரி' வந்து ஒட்டியதுமே பொருள் ஒடுங்கிவிடும். 'அவர் வருமானம் நல்ல பேர்தான்' என்று பேசுவது உண்டு. அதற்காக நல்ல பேருக்கு வருமான வரி கட்டச் சொல்லி யாருக்கும் நோட்டீஸ் வந்ததில்லை.

பத்திரிகைகளுக்குப் பிடித்த 'பணக்காரர் வரி', 'செல்வந்தர் வரி' எல்லாம் வேறு வகை வழுக்கல். அவை எதன்மேல் வரி என்று சொல்வதில்லை, யார்மேல் என்று மட்டும் சொல்கின்றன. செல்வந்தரின் வருமானத்திலா, செலவிலா, சேர்த்து வைத்ததிலா, செத்தபின் வாரிசுக்குப் போவதிலா? நாலும் நாலு வரி, நாலையும் இந்த நாடு போட்டுப் பார்த்திருக்கிறது. இறந்தவர் விட்டுச்செல்வதற்கு 1953 இல் தொடங்கியது 1985 இல் நின்றது. பிரிட்டனிலிருந்து வந்த பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டரின் யோசனைப்படி, டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதி அமைச்சராக இருந்த 1957 இல் செல்வ வரியும் செலவு வரியும் ஒன்றாக வந்தன. செலவு வரி சில ஆண்டில் போய், திரும்பி வந்து, 1966 இல் மறுபடி போய்விட்டது.

கேரளத்தில் 278.7 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய வீடுகளுக்கு 1999 முதல் ஆண்டுதோறும் ஓர் ஆடம்பர வரி உண்டு. அதையும் பணக்காரர் வரி என்று சொல்லிவிடலாம். ஆனால் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கோடிக்கணக்கில் பங்கு வைத்திருப்பவரை அது தொடாது. வெளிநாட்டில் சம்பாதித்து ஒரே ஒரு பெரிய வீடு கட்டியவரைத் தொடும். அது சொத்தின்மேல் போட்ட வரி, செல்வத்தின்மேல் அல்ல.

சொல் குழம்பினால் என்ன, விஷயம் புரிந்தால் போதாதா என்பவர்கள் பிரான்ஸ் செய்தியைத் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். 2018 இல் அந்த நாடு எல்லா வகைச் செல்வத்துக்கும் போட்டிருந்த வரியை எடுத்துவிட்டு, மனைக்கும் கட்டிடத்துக்கும் மட்டும் ஒரு வரியை வைத்துக்கொண்டது. நம் சேனல் வழக்கப்படி இதை எழுதினால் 'சொத்து வரியை நீக்கிவிட்டு பிரான்ஸ் சொத்து வரி விதித்தது' என்று வரும்.

சரி, பணக்காரர்மேல் வரியை ஏற்றினால் பொருளாதாரம் வளருமா, வாடுமா? டீக்கடையில் பெரியவருக்கு விளக்கப் போய் எனக்குக் கைகொடுத்தது கோழி. ஜிஎஸ்டி வருவதற்கு முன் கேரளத்தில் கோழிக்கு 14.5 சதவீத வரி. தமிழ்நாட்டிலிருந்து வரும் வழியில் செக்போஸ்ட் இருக்கும் சாலை வேலந்தாவளம், கோபாலபுரம் என்று நாலைந்துதான். இடையில் இருக்கும் ஊடுவழிகளுக்குக் கணக்கில்லை. ராத்திரியில் கோழி வண்டிகள் எந்த வழியில் வந்தன என்று எல்லைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் தென்னை மரம் எந்த ராத்திரியிலும் எல்லை தாண்டியதில்லை. கோழிக்குக் கால் இருக்கிறது, தென்னைக்கு இல்லை. பங்கும் பத்திரமும் கோழி ஜாதி. வீடும் வயலும் தென்னை. சொத்து நிற்கும், செல்வம் செல்லும்.

வரி கூடாது என்பவர்களின் வாதம் முழுக்க இந்தக் கோழிக் கணக்குத்தான், அது பொய்யும் இல்லை. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடியில் 1990 இல் 12 நாடுகளில் செல்வ வரி இருந்தது. 2017 இல் 4 தான் மிச்சம். நார்வே 2022 இல் விகிதத்தை ஏற்றியதும் பெரும் பணக்காரர்கள் சிலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனார்கள். சுவிட்சர்லாந்திலும் செல்வ வரி உண்டு என்பதைச் செய்திகள் பெரும்பாலும் விழுங்கிவிட்டன. வரி இல்லாத இடத்துக்கு அவர்கள் போகவில்லை, மொத்தத்தில் குறைவாகக் கேட்கும் இடத்துக்குப் போனார்கள்.

நம் நாட்டுக் கதை இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லும். 1973-74 இல் வருமான வரியின் உச்சப் படி 97.75 சதவீதம். உச்சத்தில் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கைக்கு வருவது 2 ரூபாய் 25 காசு. அதற்குமேல் செல்வ வரி வேறு. ஒளித்து வைக்காதவன் முட்டாள் என்று அரசாங்கமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிற்று. அடுத்த ஆண்டே இறக்க வேண்டிவந்தது. ஏற்றியதால் வந்த கேடு அது, மறுக்க முடியாது.

ஆனால் 2015 இல் நிதி அமைச்சர் அருண் ஜெட்லி செல்வ வரியை எடுத்தபோது சொன்ன காரணத்தை நான் முழுதாக ஏற்கமாட்டேன். 2013-14 இல் நாடு முழுவதும் கிடைத்தது 1,008 கோடி ரூபாய்தான், வசூலிக்கும் செலவு அதிகம், பலன் குறைவு என்றார். ஏன் குறைவு? வரிச் சீர்திருத்தத்துக்கான ராஜா செல்லையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1993 முதல் பங்குகளை வரியிலிருந்து விலக்கிவிட்டார்கள். நகை, கார், உபரி வீடு, நகர்ப்புற மனை என்று சிலதுதான் மிச்சம். 30 லட்சத்துக்கு மேல் இருந்தால் 1 சதவீதம், ஒரு வீட்டுக்கு விலக்கு. கோழியை எல்லாம் திறந்துவிட்டுவிட்டு வெறும் கூண்டை எண்ணினால் கணக்கு அப்படித்தான் வரும். பதிலுக்கு, 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு, வருமான வரியின்மேல் போடும் மேல்வரியை 2 சதவீதப் புள்ளி கூட்டினார். இது செல்வத்துக்கு அல்ல, வருமானத்துக்கு. பெரும் செல்வருக்கு வருமானம் என்று கணக்கில் காட்ட வேண்டியது சொற்பம். பங்கை விற்காத வரை விலை ஏற்றம் வருமானம் ஆகாது. எனவே மேல்வரியின் பாரம் பெரிய சம்பளக்காரர் தலையில் விழுந்த அளவுக்குச் செல்வர் தலையில் விழவில்லை.

ஜி20 கூட்டத்தில் பேசப்பட்டது பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் கேப்ரியல் சூக்மனின் யோசனை. உலகம் முழுக்கச் சுமார் 3,000 பேர், ஒவ்வொருவரிடமும் 100 கோடி டாலருக்கு மேல். அவர்கள் குறைந்தபட்சம் தங்கள் செல்வத்தில் 2 சதவீதமாவது வரியாகக் கட்டவேண்டும், அதை நாடுகள் சேர்ந்து செய்யவேண்டும் என்கிறார். சேர்ந்து என்பதுதான் இதில் உயிர்நாடி. ஜிஎஸ்டி வந்து எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே வரி ஆனதும் கோழி ஊடுவழியில் ஓடுவது நின்றது அல்லவா. தனியாக ஒரு நாடு போட்டால் கெடும், பலரும் கூடிப் போட்டால் கெடாது என்பது என் எண்ணம். மாஷ் இதை ஒப்புக்கொள்வதில்லை.

இந்தச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் மேல் இன்னும் இரண்டு வழக்கு இருக்கிறது. ஒன்று 'வரிச் சொர்க்கம்'. ஆங்கிலத்தில் அது 'டாக்ஸ் ஹேவன்'; 'ஹேவன்' என்றால் கப்பல் காற்றுக்கு ஒதுங்கும் துறை, புகலிடம். சொர்க்கத்துக்கான 'ஹெவன்' என்ற ஆங்கிலச் சொல்லோடு ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அவசரத்தில் கண் இடறி, வரி ஏய்ப்பவனுக்கு மோட்சம் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களும் சொர்க்கம் என்றுதான் சொல்கிறார்கள் என்று மாஷ் ஒருமுறை சமாதானம் சொன்னார். சொல்லட்டும், நாம் ஆங்கிலத்தைப் பார்த்துத்தானே இடறினோம். 'வரிப் புகலிடம்' போதும். இரண்டாவது 'முற்போக்கு வரி'. வருமானம் வளர வளர விகிதமும் வளரும் வரிக்கு 'வளர்வீத வரி' என்று அழகான சொல் பாடநூலிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு முற்போக்கு என்று எழுதியதும், வரி ஏதோ கட்சியில் சேர்ந்தது மாதிரி ஆகி, எதிர்க்கட்சிக்காரர் படிக்கும் முன்பே முகம் சுளிக்கிறார்.

இலங்கைத் தமிழர்கள் உள்ளூராட்சி மன்றம் வீட்டுக்கும் மனைக்கும் போடுவதை 'ஆதன வரி' என்கிறார்கள். ஆதனம் என்றால் அங்கே வீடு, மனை. அதனால் இந்தக் குழப்பம் அவர்களுக்கு வர வழியில்லை. எங்கள் ஊரிலும் 'வீட்டு வரி', 'கரம்' என்று தெளிவாகத்தான் பேசுகிறோம். குழப்பம் எல்லாம் டிவி வழியாகத்தான் எல்லை தாண்டி வருகிறது.

பெரியவருக்கு அன்று செல்வ வரி என்று சொல்லித்தான் விளக்கினேன். கடன் கழிவது, ஒரு வீட்டுக்கு விலக்கு இருந்தது, 3,000 பேர், கோழி, தென்னை எல்லாம் கேட்டுக்கொண்டு டீக்குக் காசு வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது தூரத்திலிருந்தே கேட்டார்: "தம்பி, அந்தக் கோழி வரி என்னாச்சுங்க?"