அக்னிவீர் சம்பளம்: பேப்பர்ல 30,000, கையில எவ்ளோ?

ஆர்மில கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவன் நான், இப்போ வேலூர் பக்கம் அக்னிவீர் (நாலு வருஷத்துக்கு ஆர்மில சேர்ற வேலை) செலக்‌ஷனுக்குப் போற பசங்களுக்கு ஃபார்ம், சர்டிபிகேட் எல்லாம் சரிபார்த்துக் குடுக்குறேன். சமீபத்துல ஒரு அம்மா ஃபைனான்ஸ்காரன் குடுத்த தவணை அட்டையோட வந்தாங்க, பையன் மாசம் முப்பதாயிரம் அனுப்புவான்னு நம்பி பெருசா ஒரு லோனுக்குப் பேசி வச்சிருக்காங்க, மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

முதல் வருஷம் 30,000 ரூபாய்தான், ஆனா அதுல 9,000 சேவா நிதிங்கற சேமிப்பு நிதிக்குப் பிடிச்சுடுவாங்க, கையில வர்றது 21,000. நாலாவது வருஷம் 40,000, கையில 28,000. பிடிச்ச பணம் எங்கயும் போகாது, நாலு வருஷத்துல 5.02 லட்சம் ஆகும், அதே அளவு கவர்மெண்டும் போடும், வட்டியோட சேத்து சுமார் 11.71 லட்சம் வருமான வரி இல்லாம கிடைக்கும்.

ஆனா அது பென்ஷன் கிடையாது, ஒரே தடவை வர்ற பணம், அவ்ளோதான். நாலு வருஷம் முடிஞ்சு வெளிய வந்தா கிராஜுவிட்டி இல்ல, எக்ஸ் சர்வீஸ்மேன் அந்தஸ்து இல்ல, கேன்டீன் கார்டும் இல்ல.

ரேங்க் விஷயத்துலயும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. அக்னிவீர்ங்கறது தனி ரேங்க், சிப்பாய் இல்ல. ரெகுலர் சிப்பாய்க்கு பேசிக் 21,700, அதுக்கு மேல மிலிட்டரி சர்வீஸ் பே 5,200, டிஏ (அகவிலைப்படி) வேற, அப்புறம் நாயக், ஹவில்தார்னு மேல போகலாம். அக்னிவீருக்கு டிஏ, சர்வீஸ் பே ரெண்டும் கிடையாது. நாலு வருஷம் முடிஞ்சதும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் ரெகுலரா எடுப்பாங்கன்னு 2022ல ஸ்கீம் அறிவிச்சப்பவே சொல்லிட்டாங்க, அப்படி எடுக்கப்படுறவங்களுக்கு சேவா நிதில அவங்க போட்ட பணமும் வட்டியும் மட்டும்தான் வரும், கவர்மெண்ட் பங்கு வராது. சொந்த விருப்பத்துல பாதியில விலகுனாலும் இதே கணக்குதான்.

இன்சூரன்ஸ் 48 லட்சம், பிரீமியம் நீங்க கட்டத் தேவையில்ல. நாமினி பேரு ஆதார்ல இருக்குற மாதிரியே எழுத்து பிசகாம இருக்கணும், இதுல ஒரு எழுத்து மாறிப்போய் குடும்பம் அலையுறதை சர்வீஸ்ல நிறைய பாத்துருக்கேன்.

அந்த அம்மாகிட்ட 21,000த்தை வச்சு கணக்கு போடச் சொன்னேன், அதுலயும் பையன் கைச்செலவு, லீவுக்கு வர்ற செலவு போக மிச்சம்தான் வீட்டுக்கு. லோன் தொகையை பாதியா குறைச்சுக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.