நாலு பேனர், நாலு பேச்சு

ஏற்காடு அடிவாரம், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கோடை விழா நேரம், வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சாலையோரம் நாலு பேனர்கள். முதல் பேனர் ‘பிளாஸ்டிக்கை மலைக்குக் கொண்டு வராதீர்’ என்றது. அடுத்தது ‘கொண்டு வந்ததைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்’. மூன்றாவது ‘குப்பையைத் தொட்டியில் போடுங்கள்’. நாலாவதில் கவிதை. ஒரு காரிலிருந்து தலையை நீட்டிய அம்மா கேட்டார்: “ஏங்க, பாட்டிலை மேலே தொட்டியில போடறதா, கீழே எடுத்துட்டு வர்றதா?” எனக்குப் பதில் வரவில்லை. அந்த நாலில் இரண்டுக்கு வாசகம் எழுதியவன் நான்.

சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குப் பிரசார வேலை செய்து கொடுப்பதுதான் என் தொழில். ஏரியைச் சீரமைப்பவர்கள், பறவைகளைக் கணக்கெடுப்பவர்கள், மலைச்சாலையில் குப்பை பொறுக்குபவர்கள் என்று சேலத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தான். ஒரே கடையில் டீ குடிப்பார்கள். பிரசாரம் என்று வந்தால் மட்டும் தனித்தனி அடுப்பு.

அடுத்த வருடம் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தோம். முதல் கூட்டம் முழுக்க லோகோவிலேயே போனது. யாருடையது பெரிது, யாருடையது முதலில்? அகர வரிசையில் போடலாம் என்றேன். பெயர் ‘வ’வில் தொடங்கும் அமைப்பு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பேனரில் ஒருவர் லோகோவும் வேண்டாம், அவரவர் முகநூல் பக்கத்தில் அவரவர் போட்டுக்கொள்ளலாம் என்று முடிந்தது. இன்றுவரை அந்த வேலையில் நாங்கள் எடுத்த நல்ல முடிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தோம்: மக்களிடம் என்ன ஒரு காரியம் கேட்கப் போகிறோம்? தொட்டி என்றவர்களுக்கு மலையில் இருப்பவர்களே பதில் சொன்னார்கள். தொட்டியில் விழும் சிப்ஸ் பாக்கெட்டைக் குரங்கு பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிடும், மிச்சத்தைக் காட்டுமாடு முகர்ந்து பார்க்கும். ஏரிக்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று ஒருவர் கேட்டார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெய்யும் மழைதான் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் மூக்கனேரிக்கு வருகிறது, திருமணிமுத்தாறு பிறப்பதும் அதே மலையில்தான். மேலே வீசியது கீழே மிதக்கும். அதன்பிறகு பேச்சு சுருங்கியது. ‘கொண்டு போனதைக் கீழே கொண்டு வாருங்கள்.’ அவ்வளவுதான். அதைப் பறவைக்காரர் பறவைக் கதையோடு சொல்லட்டும், ஏரிக்காரர் தண்ணீர்க் கதையோடு சொல்லட்டும். கேட்கிற காரியம் மட்டும் மாறக்கூடாது.

இரண்டாவது, தகவல் தாள்: எல்லா அமைப்பும் பிரசாரத்தில் சொல்லக்கூடிய, சரிபார்த்த விவரங்கள் மட்டும் இருக்கும் தாள். அதற்குக் காரணமே நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். ஒரு நண்பர் ‘தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, விற்றால் அபராதம்’ என்று துண்டறிக்கை அடித்துக் கடைகளில் கொடுத்துவிட்டார். ஒரு கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டு, “எந்தப் பட்டியல்ல இருக்கு, காட்டுங்க” என்றார். காட்ட முடியவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு: தூக்குப் பை, தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் மாதிரியானவை. கடையில் தண்ணீர் விற்கும் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் அதில் இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிறிய பாட்டில்களுக்கு இருக்கும் கட்டுப்பாட்டை இங்கேயும் உண்டு என்று நண்பர் நினைத்துவிட்டார். ஒரு தப்புக்கு நாலு அமைப்பின் பெயரும் சேர்ந்து கெட்டது. இப்போது ஒரே ஒரு தாள், அதற்கு ஒரே ஒரு பொறுப்பாளர். அவர் பார்க்காமல் வாட்ஸ்அப்பில்கூட எதுவும் போகாது. (அதே பொறுப்பாளர்தான் பிளாஸ்டிக் எதிர்ப்பை ஃப்ளெக்ஸில் அடிக்கிறோமே என்று கேட்டு எங்களைத் தலைகுனிய வைத்தவர். ஃப்ளெக்ஸும் பிளாஸ்டிக்தானே. தறி ஓடும் ஊரில் காடாத் துணிக்கா பஞ்சம்? மாறிவிட்டோம்.)

காட்டுத்தீ விஷயத்தில் இன்னொரு பாடம். பிப்ரவரி தொடங்கிப் புல் காய்ந்துவிடும். ‘காட்டுக்குத் தீ வைக்காதீர்’ என்று மலைக் கிராமங்களில் ஒட்டினோம். பழங்குடிப் பெரியவர் ஒருவர் அதன் முன்னால் நின்று, “தீ பிடிச்சா தழையை ஒடிச்சுக்கிட்டு ஓடுறது நாங்க. போஸ்டரும் எங்களுக்கேவா?” என்றார். நகரத்து அமைப்பு எழுதியதை மலைக்காரர் யாரும் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருந்தோம். அவற்றை உரித்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. இப்போது தீ பற்றிய வாசகம் அடிவாரத்தில், சிகரெட்டோடு வண்டி ஏறுபவர்களுக்குத்தான்.

தேதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதால் யார் குரலும் கேட்பதில்லை. கோடைக் கூட்டம் ஏறுவதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்துவிடுவது நல்லது.

கடைசியாகச் சண்டை வந்தது தொலைபேசி எண்ணுக்கு. பேனரில் எண் இருந்தால் யாராவது எடுத்துப் பேச வேண்டுமே! ஒரு தன்னார்வலர் தன் பழைய செல்போனைக் கொடுத்து, தானே எடுப்பதாகவும் ஒத்துக்கொண்டார். முதல் சனி, ஞாயிறில் வந்த அழைப்புகளில் பாதி, மேலே ரூம் வாடகை எவ்வளவு என்று. “தெரியாதுங்க, ஆனா வரும்போது பாட்டிலைக் கீழே கொண்டுவந்துடுங்க” என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்தப் பதிலையும் தகவல் தாளில் சேர்த்துவிட்டோம்.