பிள்ளை வரைஞ்ச படம் ஜாதகம் இல்ல, அத வச்சு பலன் சொல்லாதீங்க

போன கிழமை என் போனுக்கு இன்னொரு படம் வந்துச்சு. அஞ்சு வயசுப் பையன் அப்பாவ வரைஞ்சிருக்கான், அப்பாவுக்கு கை இல்ல. "மிஸ், கை போடலன்னா அப்பா அடிக்கிறாருன்னு அர்த்தமாமே, உண்மையா?" அனுப்பினது அந்தப் பையனோட அத்தை. பாவம், அக்கறைலதான் கேக்கறாங்க. ஆனா இது மாதிரி எனக்கு வர்றது இது எத்தனையாவதுன்னு எனக்கே கணக்கு இல்ல, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் போட்டு போட்டு தொண்டை போச்சு, அதனால இந்தத் தடவ எழுதியே போட்டுடுறேன்.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன். நான் இலங்கைல ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டங்கள்ல வேல செய்ற கவுன்சிலர். ஆர்ட் தெரபிஸ்ட் இல்ல, அது தனிப் படிப்பு, அத முறையா படிச்சவங்க நம்ம நாட்ல ரொம்பக் கொஞ்சம் பேர். நான் என் வேலைல படம் வரையிறத பாவிக்கிறேன், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்த ஏன் சொல்றேன்னா, ரெண்டு நாள் வேர்க்ஷொப் போயிட்டு வந்து "ஆர்ட் தெரபி செய்யப்படும்"னு போர்ட் போடுறவங்க கிட்ட பிள்ளைகள கூட்டிட்டுப் போறீங்க. தயவு செஞ்சு என்ன படிச்சிருக்காங்க, யார் மேற்பார்வைல செய்றாங்கன்னு கேளுங்க. கேக்கறது மரியாதைக் குறைவு இல்ல.

இனி ரெண்டு மாசத்துக்கு முன்னால நடந்தத சொல்றேன். அடையாளம் தெரியாத மாதிரி விவரங்கள மாத்தியிருக்கேன், அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

ராத்திரி 11.30 இருக்கும், குவைத்துல இருந்து ஒரு அம்மா கோல் எடுத்தாங்க. எடுத்த ஒடனே அழுகை. "மகளுக்கு மூளைக்கு ஏதும் ஆயிருச்சா மிஸ், மறைக்காம சொல்லுங்க"ன்றாங்க. என்ன நடந்துச்சுன்னு வெளங்கவே எனக்கு பத்து நிமிஷம் போச்சு. பிள்ளைக்கு எட்டு வயசு. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் மழைல இவங்க லயத்துக்கு, அதான் தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின வீடுகளுக்கு, மேல மண் சரிய, ராவோட ராவா எல்லாரையும் எழுப்பி ஸ்கூலுக்கு கொண்டு போனாங்க. லயத்துக்கு திரும்பிப் போகக்கூடாதுன்னு சொன்னதால பிள்ளை அம்மாயியோட தோட்டத்தோட வேற டிவிஷன்ல சித்தி வீட்ல இருக்கா. கிளாஸ்ல "எங்கள் வீடு" வரையச் சொல்லியிருக்காங்க. இவ தாள் முழுக்க கறுப்பு பெஸ்டல போட்டு அழுத்தித் தேச்சு வச்சிருக்கா. டீச்சர் அத போட்டோ எடுத்து பெற்றோர் வட்ஸ்அப் குரூப்ல போட்டு, "வீட்டார் கவனிக்கவும்"னு எழுதிட்டாங்க. அதுக்குக் கீழ ஒருத்தர் கறுப்புன்னா டிப்ரெஷன்றாரு, ஒருத்தர் காத்து கருப்பு பட்டிருக்கு, குறி கேக்க கூட்டிட்டுப் போங்கன்றாரு, இன்னொருத்தர் யூடியூப் வீடியோவ தூக்கிப் போடுறாரு, கடைசில அது குவைத் வரைக்கும் போய் சேந்துருச்சு. இங்க சித்தி பயந்துபோய் பிள்ளைக்கு நூல் கட்டி, பெஸ்டல் பெட்டிய அலுமாரிக்கு மேல வச்சிட்டாங்க. அதுக்கப்புறம் பிள்ளை வரையவும் இல்ல, சரியா கதைக்கவும் இல்ல.

நான் போய் பக்கத்துல உக்காந்தேன். படத்தப் பத்தி ஒண்ணும் கேக்கல. ரெண்டு தாள் வச்சேன், அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நான் என் தாள்ல கோடு போட்டுட்டு இருந்தேன். மொத நாள் அவ தொடல. ரெண்டாவது தடவ சுத்தி சுத்தி வட்டம் போட்டா. மூணாவது தடவதான் திரும்ப அந்தக் கறுப்பு வீடு வந்துச்சு. "இதப்பத்தி எனக்கு சொல்றியா"ன்னு மட்டும் கேட்டேன். "இது அடுப்படி மிஸ்"னா. அவங்க பழைய லயக் காம்பராவுல வெறகு அடுப்பு. பல வருஷப் புகைல செவரு, கூரை எல்லாம் கறுத்துப் போயிருக்கும், லயத்துல வளந்தவங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. வெளிய குளிர் எவ்வளவு இருந்தாலும் அந்த எடம் மட்டும் கதகதன்னு இருக்கும், விடியக்காலைல அம்மாயி ரொட்டி சுட, இவ பக்கத்துல மணையப் போட்டு உக்காந்திருப்பா. சித்தி வீட்ல கேஸ் அடுப்பு. செவரு வெள்ளை.

அவ வரைஞ்சது அவளுக்கு ரொம்பப் புடிச்ச எடத்த. கறுப்பு அவ வீட்டோட நெறம்.

அதுக்காக நாளைக்கு இன்னொரு பிள்ளை கறுப்பு போட்டா "ஓ, அடுப்படி"ன்னு நெனச்சிராதீங்க, அதுவும் அதே தப்புதான். இவ சொன்னா, அதனால எனக்குத் தெரியும். சொல்லலன்னா எனக்குத் தெரியாது. பதினாலு வருஷம் இந்த வேல செஞ்சிருக்கேன், ஒரு தாளப் பாத்து மட்டும் ஒரு பிள்ளைக்கு என்ன பிரச்சனைன்னு சொல்ல எனக்கு இன்னிக்கும் முடியாது. முடியும்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

இந்த "கை இல்லன்னா இது, கறுப்புன்னா அது, பெரிய கண்ணுன்னா இன்னொன்னு"ங்கற பட்டியல் எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா கொஞ்சம் தெளியும்னு நெனைக்கிறேன். 1926ல ஃப்ளோரன்ஸ் குட்எனஃப்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், பிள்ளைகள ஒரு மனுஷன வரையச் சொல்லி அத வச்சு அறிவு வளர்ச்சிய அளக்க ஒரு டெஸ்ட் கொண்டு வந்தாங்க. அதுக்குப் பெறகு 1949ல கேரன் மெக்கோவர்ங்கறவங்க, அதே மாதிரி வரையிற படத்த வச்சு ஆளோட கொணத்தையும் மனசையும் சொல்லலாம்னு எழுதினாங்க. அங்கதான் கை, கண்ணு, தலை எல்லாத்துக்கும் அர்த்தம் வைக்கிற பழக்கம் பெருசா பரவுச்சு. ஆனா பின்னால அத ஆராய்ச்சி பண்ணிப் பாத்தவங்க, 2000ல லிலியன்ஃபெல்டும் அவரோட சேந்தவங்களும் எழுதின மீளாய்வு உட்பட, இப்படி தனித்தனி அடையாளத்த வச்சு பலன் சொல்றதுக்கு ஆதாரம் ரொம்ப பலவீனம்னு சொல்லிட்டாங்க. அது எப்பவோ முடிஞ்ச கதை, நம்ம வட்ஸ்அப்ல மட்டும் இன்னும் ஓடுது. அஞ்சு வயசுப் பையன் கை போடலன்னா மொதல்ல யோசிக்க வேண்டியது, அவனுக்கு அஞ்சு வயசுங்கறத. அந்த வயசுல கைய மறக்கறது, தலைல இருந்து நேரா கால் மொளைக்கிறது எல்லாம் சாதாரணம்.

அப்போ வரையிறதுல பிரயோசனமே இல்லையான்னா, நெறைய இருக்கு. ஆனா அது வரைஞ்சு முடிச்ச தாள்ல இல்ல, வரையிற அந்த நேரத்துல இருக்கு, பக்கத்துல ஒருத்தர் அவசரப்படாம உக்காந்திருக்கிறதுல இருக்கு. வாயால சொல்ல முடியாதது கை வழியா மெல்ல வரும். நம்ம ஆளுகளுக்கு இது புதுசும் இல்ல. நம்ம தோட்டங்கள்ல ஆடுற காமன் கூத்துல, எரிஞ்சுபோன புருஷன் காமனுக்காக ரதி அழுறப்போ சுத்தி நிக்கிற எத்தன பேர் தங்களோட சொந்த எழவுக்கு சேத்து அழுதுட்டு வீட்டுக்குப் போறாங்கன்னு பாத்திருக்கீங்கதானே.

"ஆர்ட் தெரபி"ங்கற பேரே ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து வந்ததுதான். ஏட்ரியன் ஹில்னு ஒரு இங்கிலாந்து ஓவியர், 1938ல காசநோய் வந்து சானடோரியத்துல படுத்திருந்தப்போ வரைஞ்சு வரைஞ்சு தன்னத் தேத்திக்கிட்டாரு, பெறகு அங்க இருந்த மத்த நோயாளிகளுக்கும் தாளும் பென்சிலும் குடுத்தாரு. அந்தப் பேரு 1942ல அவர் போட்டது. அவங்கள்ல முக்காவாசி ஆள் ஓவியர் இல்ல, படுத்த படுக்கைல இருந்தவங்க.

"எனக்கு வரையத் தெரியாது மிஸ், பேனையே ஒழுங்கா புடிக்கத் தெரியாது"ன்னு எங்கிட்ட சொல்லாத பெரிய ஆள் கிடையாது. கொழுந்து எடுக்கற அக்கா ஒருத்தங்க, ஒரு நாளைக்கு 18 கிலோவுக்கு மேல எடுக்கற வெரல், ரெண்டு வெரலால கொழுந்து மட்டும் பாத்துக் கிள்ற கை, அந்தக் கையால "எனக்கு ஒண்ணும் வராது"ன்றாங்க. நான் புள்ளி வைக்கச் சொன்னேன், வச்சாங்க, முக்கா மணி நேரம் பச்சைல புள்ளி. அன்னிக்கு ஒண்ணும் கதைக்கல. போறப்போ "தலைப்பாரம் கொறஞ்ச மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. 2016ல ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்துல கிரிஜா கைமல் குழு இதயே 39 பெரிய ஆளுகள வச்சு பாத்தாங்க, 45 நிமிஷம் இஷ்டத்துக்கு ஏதாவது செய்ய விட்டு, முன்னாலயும் பின்னாலயும் எச்சில்ல கோர்ட்டிசோல், அதான் மன அழுத்தத்தோட சம்பந்தப்பட்ட ஹோர்மோன், அளந்தா, ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்கு கொறஞ்சிருந்துச்சு. முன்னாடி வரைஞ்சு பழகினவங்களுக்கும் பழகாதவங்களுக்கும் அதுல வித்தியாசம் இல்ல. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பாக்க வேற குழுவும் வைக்கல, ஆனா "எனக்கு வராது"ன்னு சொல்றவங்களுக்கு நான் இத சொல்லாம விட மாட்டேன்.

கலரிங் புக் பத்தியும் கேப்பீங்க. மண்டலா மாதிரி வட்ட டிசைனுக்கு கலர் அடிக்கறது பதட்டத்த கொறைக்குமானு 2005ல கரியும் காஸரும் 84 மாணவர்கள வச்சு பாத்தாங்க. மண்டலாவுக்கு கலர் அடிச்சவங்களுக்கும் கட்டம் போட்ட டிசைனுக்கு அடிச்சவங்களுக்கும் கொறஞ்சுச்சு, வெறும் தாள்ல இஷ்டத்துக்கு கலர் அடிச்சவங்களுக்கு அந்த அளவு கொறயல. அதனால மனசு படபடன்னு இருக்கற நாள்ல கலர் அடிங்க, நல்லது, நானும் செய்றேன். ஆனா அது சிகிச்சை இல்ல. இத நான் சும்மா சொல்லல. ஒரு வீட்ல அண்ணனுக்கு கலரிங் புக் வாங்கிக் குடுத்துட்டு, "இனி மருந்து தேவையில்ல, இது இயற்கை முறை"ன்னு கிளினிக் குளிசைய நிப்பாட்டிட்டாங்க. ஆறு கிழமைல ஆள் திரும்ப வார்ட்ல. டொக்டர் குடுத்த குளிசைய டொக்டர் சொல்லாம நிப்பாட்டாதீங்க. கலர் பென்சில் குளிசைக்குப் பதில் இல்ல. இதுல நான் யாரோடயும் சமாதானத்துக்கு வர மாட்டேன்.

அனர்த்தம் நடந்த எடங்களுக்கு உதவிக்குப் போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பெஸ்டல், தாள், பனர் எல்லாம் கொண்டு போறீங்க, நல்ல மனசுதான். போன ஒடனே "மண்சரிவ வரைங்க பிள்ளைகளா"ன்னு ஏன் சொல்றீங்க? நல்லா வரைஞ்சதுக்கு மொதலாம் பரிசு, ரெண்டாம் பரிசு ஏன் குடுக்கறீங்க? எந்தப் பிள்ளையோட பயம் மத்ததவிட வடிவா இருக்குன்னு மார்க்ஸ் போடுவீங்களா? அந்த ராத்திரிய வரையச் சொல்லிட்டு அரை மணி நேரத்துல வேன்ல ஏறிப் போயிடுறீங்க, அன்னிக்கு ராத்திரி அந்தப் பிள்ளை எந்திரிச்சு அலறும்போது பக்கத்துல இருக்கறது அந்த அம்மாயிதான். ஃப்ரீடல் டிக்கர்-பிரான்டைஸ்னு ஒரு ஓவியர் இருந்தாங்க, நாஜிகள் யூதர்கள அடைச்சு வச்சிருந்த தெரெசின் முகாம்ல பிள்ளைகளுக்கு ஒளிவு மறைவா வரையச் சொல்லிக் குடுத்தவங்க. "நடந்த கொடுமைய வரை"ன்னு அவங்க கேக்கல. பூ, வெளிச்சம், ஜன்னலுக்கு வெளிய தெரியறது, கோட்டோட தாளம், இதத்தான் குடுத்தாங்க. ஒவ்வொரு பிள்ளையையும் அவங்கவங்க படத்துல பேர் எழுத வச்சாங்க. முகாம்ல நம்பரா இருந்த பிள்ளைக்கு அந்தத் தாள்ல பேர் இருந்துச்சு. 1944 ஒக்டோபர்ல அவங்கள அவுஷ்விட்ஸுக்கு கொண்டு போய் கொன்னுட்டாங்க. போறதுக்கு முன்னால ரெண்டு சூட்கேஸ்ல ஏறக்குறைய 4,500 படங்கள ஒளிச்சு வச்சிருந்தாங்க, அது தப்பிச்சுது. அவங்ககிட்ட படிச்ச ஈடித் கிரேமர்தான் பெறகு அமெரிக்கால பிள்ளைகளுக்கான ஆர்ட் தெரபிக்கு அடித்தளம் போட்டவங்கள்ல ஒருத்தர். ஒண்ணும் இல்லாத முகாம்ல அவங்களால அவ்வளவு மரியாதையோட நடத்த முடிஞ்சிருக்குன்னா நமக்கு ஏன் முடியாது?

வீட்ல என்ன செய்யலாம்னு கேட்டீங்கன்னா, தாளும் கலரும் பிள்ளைக்கு எட்டுற எடத்துல வைங்க. "என்ன இது, மாடா நாயா"ன்னு கேக்காதீங்க, "சூப்பர், எவ்வளவு வடிவு"ன்னும் எப்பவும் சொல்லாதீங்க, அப்புறம் உங்க சூப்பருக்காகவே வரையும். "இதப்பத்தி சொல்றியா" போதும். சொல்லலன்னா விட்டுடுங்க. கைய எடுத்து திருத்தாதீங்க, வானத்துக்கு நீலம்தான்னு சண்டை போடாதீங்க, நம்ம ஊர்ல வருஷத்துல எத்தன நாள் வானம் நீலமா இருக்கு? பிள்ளைய கேக்காம படத்த கிழிக்காதீங்க, வீசாதீங்க, குரூப்ல போடாதீங்க. டீச்சர்மார் கிட்ட கெஞ்சிக் கேக்கறேன், பிள்ளையப் பத்தி பயமா இருந்தா வீட்டுக்கு தனியா ஒரு கோல் எடுங்க, நாப்பது பேர் இருக்கற குரூப்ல வேணாம்.

படத்த விட்டுட்டு பிள்ளையப் பாருங்க. தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, நின்னுபோன படுக்கைல ஒண்ணுக்குப் போறது திரும்ப வந்திருக்கு, மழை பேஞ்சாலே நடுங்குது, ஒரே படத்த திரும்பத் திரும்ப வரைஞ்சு ஒவ்வொரு தடவயும் இன்னும் கூட கலங்குது, அப்படின்னா கலர் குடுத்து பாத்துட்டு இருக்காம கவுன்சிலர்கிட்டயோ ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கோ கூட்டிட்டுப் போங்க. சாகணும்னு யாராவது சொன்னா, சின்ன ஆளோ பெரிய ஆளோ, வெளையாட்டுன்னு எடுக்காதீங்க, அன்னிக்கே 1926க்கு கோல் எடுங்க, மனநல சேவைக்கான நம்பர். பிள்ளைய யாராவது அடிக்கறாங்க, தொடுறாங்கன்னு பிள்ளை வாயால சொன்னா, குறுக்க குறுக்க கேள்வி கேக்காம நம்புங்க, 1929க்கு எடுங்க, சிறுவர் பாதுகாப்புக்கான நம்பர்.

அந்தக் குவைத் அம்மா இப்ப ஞாயித்துக்கிழமை வீடியோ கோல்ல மகளோட சேந்து வரையிறாங்க, அங்க அவங்க வேல செய்ற வீட்டு சீட்டுத் துண்டுல பேனையால, இங்க இவ பெஸ்டல்ல. கறுப்புதான் சீக்கிரம் முடியுதாம். சித்தி கடைக்குப் போய் கறுப்பு மட்டும் தனியா தருவீங்களான்னு கேட்டிருக்காங்க, இல்லன்னுட்டாங்க. யார்கிட்டயாவது பாதி பாவிச்ச பெட்டி இருந்தா குடுங்க, வாங்கிட்டுப் போய் சேக்கறேன். போட்டி வச்சு பரிசா வேணாம். சும்மா குடுங்க.