பையின் அடியில் கிடக்கும் டார்ச் உதவாது

தற்காப்புப் பயிற்சியின் முதல் நாளில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் அடியோ உதையோ சொல்லித் தருவதில்லை. கொண்டுவந்திருக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கச் சொல்லி, அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, "டார்ச் வைத்திருப்பவர்கள் இப்போது எடுத்து ஏற்றுங்கள்" என்று மட்டும் சொல்வேன். ஜிப் திறக்கும் சத்தம், சாவிக்கொத்து உரசும் சத்தம், தண்ணீர் பாட்டில் தரையில் விழுந்து உருளும் சத்தம், "இங்கேதானே வைத்தேன்" என்ற முணுமுணுப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். யாரேனும் ஒருவர் வெளிச்சம் கொண்டுவருவதற்குள் பெரும்பாலும் இருபது விநாடிகளாவது கடந்துவிடும். அதற்குள் நான் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்துபோய், அவர்களில் ஒருவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். வெளிச்சம் வந்ததும் திரும்பிப் பார்த்துத் திடுக்கிடும் அவரிடம் அன்று நான் வேறெதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

தற்காப்புக்காக ஒரே ஒரு பொருளை எப்போதும் உடன் வைத்திருக்கலாம் என்றால் எதை வைத்திருப்பது என்று கேட்பவர்களுக்கு, உள்ளங்கையில் அடங்கும் நல்ல டார்ச் ஒன்றையே பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருகிறேன். கத்தியைப் பயிற்சி இல்லாதவர் எடுத்தால், அது பிடுங்கப்பட்டு அவர்மீதே திரும்பக்கூடும். மிளகு ஸ்பிரே எதிர்க்காற்றில் அடித்தவரின் கண்ணிலேயே விழும். அதை வைத்திருப்பதே குற்றமாகும் நாடுகளும் உண்டு. பிரிட்டனில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் வருகிறது. டார்ச்சுக்கு இத்தகைய சிக்கல் அநேகமாக எங்கும் இல்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் போனபோதும், பூட்டில் சாவித் துளையைத் தேடும்போதும், கட்டிலுக்கடியில் விழுந்ததை எடுக்கும்போதும் தினமும் கையில் புழங்கும் பொருள் அது. நெருக்கடியில் கை தேடிப் போவது, அன்றாடம் பழகிய பொருளைத்தான். ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தொடாத கருவியை அந்த நேரத்தில் விரல்கள் சரியாகப் பிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

டார்ச்சைத் தற்காப்புக் கருவி என்றவுடன், அதை எதிராளியின் கண்ணில் அடிப்பதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு வருகிறேன். ஆனால் டார்ச்சின் முதல் வேலை நமக்குக் காட்டுவது. என்னிடம் பயின்ற செவிலியர் ஒருவர், இரவுப் பணி முடிந்து வாகன நிறுத்துமிடத்தின் கடைசி வரிசைக்குத் தனியாக நடந்துகொண்டிருந்தார். தம் வண்டி நின்ற இடத்துக்குப் பதினைந்து மீட்டர் முன்பாகவே, பழக்கத்தின் காரணமாக, தூண்களின் பக்கவாட்டில் ஒளியை ஒருமுறை ஓடவிட்டிருக்கிறார். ஒரு தூணின் ஓரத்தில், தரையை ஒட்டி, இரண்டு காலணிகளின் முனைகள் தெரிந்தன. ஆள் தெரியவில்லை; முனைகள் மட்டும் தெரிந்தன, அவை அசையவும் இல்லை. அவர் நின்றார், ஒளியை அணைத்தார், வந்த வழியே திரும்பிப்போய்க் காவலாளியை அழைத்துவந்தார். அவர்கள் வந்து பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. நின்றிருந்தவர் யார், எதற்காக நின்றார் என்பது இன்றுவரை தெரியாது. சண்டையும் இல்லை, சொல்லிக்கொள்ள வீரமும் இல்லை. ஆனாலும் என் பயிற்சிக் காலத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த தற்காப்புச் சம்பவம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். பதினைந்து மீட்டரில் தெரிந்த ஒன்று இரண்டு மீட்டரில் தெரிந்திருந்தால், அவர் எடுத்திருக்கக்கூடிய முடிவுகள் எத்தனை குறைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, முகத்தில் அடிக்கும் ஒளி. இது ஏன் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான், எப்போது வேலை செய்யாது என்பதும் புரியும். நம் விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என இரு வகை உண்டு. பகல் பார்வைக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்களே பொறுப்பு. அவை இருட்டுக்குப் பழக ஏறக்குறைய 10 நிமிடங்கள் ஆகும். இருட்டில் உதவும் குச்சி செல்கள் முழுமையாகப் பழக அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும், ஏனெனில் அவற்றில் உள்ள ரொடாப்சின் என்னும் நிறமி மெல்ல மெல்லத்தான் மீண்டும் சேர்கிறது. அதோடு, வெளிச்சத்தில் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும் கண்பாவை, இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். அப்போது கண்ணுக்குள் புகும் ஒளி பன்னிரண்டு மடங்கு கூடுகிறது. இருட்டில் காத்திருப்பவரின் கண்கள் இந்த நிலையில்தான் இருக்கும். அவற்றில் திடீரென்று பாயும் ஒளி, ரொடாப்சினைச் சிதைத்து, பார்வையின் நடுவில் பிம்பக் கறை ஒன்றை விட்டுச் செல்கிறது. கண்ணை மூடுவதும், தலையைத் திருப்புவதும், கையை உயர்த்தி மறைப்பதும் தாமாக நிகழ்பவை. அவர் மீண்டும் நம்மைச் சரியாகக் காண்பதற்குள் நமக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று விநாடிகள்தான். அந்த விநாடிகள் ஓடுவதற்கானவை. நின்று பேசுவதற்கும், ஒளியின் விளைவை வேடிக்கை பார்ப்பதற்கும் அவற்றைச் செலவிட்டால் டார்ச் எடுத்த பயனே போய்விடும்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒளிக்கற்றையின் நடுச்செறிவைக் கேண்டெலா என்ற அலகால் அளக்கிறார்கள். அதைத் தொலைவின் இருமடியால் வகுத்தால், அத்தொலைவில் விழும் வெளிச்சம் லக்ஸ் அலகில் கிடைக்கும். 10,000 கேண்டெலா கொண்ட டார்ச், 4 மீட்டர் தொலைவில் நிற்பவரின் முகத்தில் 625 லக்ஸ் தரும். முழுநிலவின் ஒளி ஏறக்குறைய 0.25 லக்ஸ்தான். அலுவலக மேசையின்மீது பரவி விழும் 500 லக்ஸ் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை; ஆனால் அதைவிடக் கூடுதலான ஒளி ஒரே புள்ளியிலிருந்து நேராக, இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குள் நுழைவது வேறு விஷயம். இதே காரணத்தால், பகலிலும், நன்கு ஒளியூட்டப்பட்ட தெருவிலும் டார்ச் அவ்வளவாக எடுபடாது. போதையில் இருப்பவர் கண் கூசினாலும் நிற்காமல் வரக்கூடும். ஒளி எல்லோரையும் தடுத்துவிடும் என்று நான் யாருக்கும் உறுதி சொன்னதில்லை.

எதிரே வருபவர் முகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போவதும் தவறு. வழி கேட்க வந்தவர் கோபமடைந்து, இல்லாத சண்டை அதனால் மூளக்கூடும். தரையில் அவர் காலடிக்குச் சற்று முன்னால் ஒளியை வைத்துத் தொடங்குங்கள். கற்றையைச் சுற்றிப் பரவும் மெல்லிய வெளிச்சத்திலேயே அவருடைய கைகள் தெரியும். முகத்தைவிடக் கைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "அங்கேயே நில்லுங்கள்" என்று உரத்த குரலில் சொல்லியும் அவர் நெருங்கினால்தான் ஒளி முகத்துக்குப் போக வேண்டும். அதே நொடியில் உங்கள் கால்கள் பக்கவாட்டில் நகர வேண்டும். ஒளி கடைசியாக எங்கிருந்து வந்ததோ அங்கேதான் அவர் உங்களைத் தேடுவார்.

டார்ச்சின் அமெரிக்க ஆங்கிலப் பெயரான ஃபிளாஷ்லைட் என்பதற்குப் பின்னால் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. டேவிட் மிசெல் என்பவர் 1899இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குழாய் வடிவ விளக்கைத் தொடர்ந்து எரியவிட முடியாது. அக்கால மின்கலமும் கார்பன் இழை பல்பும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே சற்று ஏற்றி, உடனே அணைத்து, மின்னலடிப்பதுபோலத்தான் பயன்படுத்தினார்கள். அன்று வேறு வழியில்லாமல் செய்ததை இன்று நாங்கள் வேண்டுமென்றே கற்றுத்தருகிறோம்: ஏற்று, பார், அணை, நகர். இடைவிடாமல் எரியும் டார்ச், நாம் எங்கே போகிறோம் என்பதைத் தொலைவில் இருப்பவருக்கும் சொல்லிக்கொண்டே போகும்.

வாங்கும்போது பெட்டியின்மீது பெரிதாக அச்சிட்டிருக்கும் லூமன் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். லூமன் என்பது எல்லாத் திசையிலும் வெளிவரும் மொத்த ஒளி. அது ஒருமுகமாகக் குவிகிறதா என்பதைக் கேண்டெலாதான் சொல்லும். சட்டைப்பைக்கான டார்ச்சுக்கு 500 லூமன் அளவும் 5,000 முதல் 15,000 கேண்டெலாவும் போதுமானவை என்பது என் அனுபவம். ஆயிரக்கணக்கான லூமன் தரும் சிறிய டார்ச்சுகள் சூடேறி, ஓரிரு நிமிடங்களிலேயே ஒளியைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2009இல் வெளியான எஃப்எல்1 என்னும் தரநிலையைப் பின்பற்றும் பெட்டிகளில் ஒளி எட்டும் தொலைவும் எரியும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். அதில் சொல்லப்படும் தொலைவு, வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு, அதாவது நிலவொளி அளவுக்குக் குறையும் இடம்; எரியும் நேரம், ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். 200 மீட்டர் என்று போட்டிருப்பதை 200 மீட்டரில் இருப்பவரின் முகம் தெரியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்களைவிட சுவிட்சைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். வால் முனையில் சுவிட்ச் இருக்க வேண்டும். அதை எந்த நேரத்தில் அழுத்தினாலும் முழு ஒளியே முதலில் வர வேண்டும். முதல் அழுத்தத்துக்கு மங்கலான ஒளி, இரண்டாவதற்கு நடுத்தரம், மூன்றாவதற்கு முழு ஒளி என்று வரிசையாக மாறும் டார்ச்சுகள் வீட்டுக்குச் சரி. நடுங்கும் கட்டைவிரலுக்கு அவை ஏற்றவையல்ல. விரலை எடுத்ததும் அணையும்படி, பாதி அழுத்தத்திலேயே ஒளி தரும் சுவிட்ச் கிடைத்தால் மிகவும் நல்லது. ஸ்ட்ரோப் எனப்படும் துடிப்பொளியைப் பலரும் பெருமையாகக் காட்டுகிறார்கள். குறுகலான இடத்தில், வெள்ளைச் சுவருக்கு அருகில் அதை இயக்கினால் நம் கண்ணே தடுமாறும். எதிராளியின் கை அசைவையும் அந்தத் துடிப்பில் சரியாகக் கணிக்க முடியாது. ஒளி உணர்வு வலிப்பு உள்ளவர்களுக்கு அத்தகைய துடிப்பு வலிப்பைத் தூண்டவும் கூடும். என் மாணவர்களை நான் நிலையான ஒளியிலேயே பழக்குகிறேன்.

மொபைலில்தான் டார்ச் இருக்கிறதே என்பார்கள். அந்த ஒளி சில மீட்டருக்கு மேல் செறிவாகப் போகாது; திரை உங்கள் முகத்துக்கு வெளிச்சம் போட்டுக் காட்டும்; ஏற்றுவதற்குக் கண்ணைத் திரைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உதவிக்கு அழைக்க வேண்டிய கருவியை நீட்டிப் பிடித்து, பிடுங்கிக்கொள் என்று கொடுப்பதுபோல் ஆகிவிடும். இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

மின்கலத்தில் ஏற்படும் அலட்சியத்தால் வீணான டார்ச்சுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சாதாரண ஆல்கலைன் மின்கலத்தை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால், கசிந்து, தொடுமுனைகளில் வெள்ளைப் பொடியாகப் படிந்து அரித்துவிடும். மறுமின்னேற்றம் செய்யும் லித்தியம் மின்கலம் என்றால் மாதம் ஒருமுறை ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு சார்ஜ் செய்யுங்கள். பைக்குள் தற்செயலாக எரிந்து துணியைச் சுடாமலிருக்க, வால் மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைப்பவர்கள் உண்டு; ஆனால் இருட்டில் நடக்கத் தொடங்கும் முன் அதை இறுக்கிக்கொள்ள மறந்தால், அழுத்தினாலும் ஒளி வராது. விமானத்தில் போகும்போது உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கில் போகும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். வாகனம் ஓட்டுபவரின் கண்ணில் ஒருபோதும் அடிக்காதீர்கள். விபத்துக்கு நீங்களே காரணமாவீர்கள். லேசர் கருவியை டார்ச்சுக்கு மாற்றாக எண்ண வேண்டாம், அது விழித்திரையை நிரந்தரமாகக் காயப்படுத்தக்கூடியது. போலீசார் வந்துவிட்டால் ஒளியைத் தரைக்கு இறக்கி, கைகள் தெரியும்படி நில்லுங்கள். இருட்டில் உங்கள் கையில் இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. விளிம்பில் பற்கள் போல வெட்டப்பட்ட டார்ச்சுகளை இடிப்பதற்கென்றே விற்கிறார்கள். தப்பிக்க வேறு வழியே இல்லாத நிலையில் அது உதவலாம் என்றாலும், அதை நம்பி நெருங்கிப் போகும் துணிச்சல் வந்துவிடுகிறது என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

டார்ச் எங்கே இருக்க வேண்டும்? எழுதும் கையில்லாத மறு கைக்கு எட்டும் பையில், அங்கே அது மட்டும் தனியாக இருக்க வேண்டும். கதவைத் திறக்கவும், தள்ளவும், குழந்தையைப் பிடித்துக்கொள்ளவும் பழகிய கை விடுதலையாக இருக்கட்டும். இன்றிரவு வீட்டில் ஓர் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கையைத் தொங்கவிட்டபடி நின்று, டார்ச்சை எடுத்து, கட்டைவிரல் வால் முனையில் அமரும்படி காதுக்குப் பக்கத்தில் உயர்த்தி, கதவின் கைப்பிடியில் ஒளியை வைத்துப் பாருங்கள். முதல் முறை விரல் சுவிட்சைத் தேடும். பத்து முறை செய்யுங்கள். மறுநாள் குடையையோ பையையோ மறு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு பத்து முறை செய்யுங்கள். டார்ச் கைக்கு வந்து, ஒளி கைப்பிடியில் விழ இரண்டு விநாடிக்கு மேல் எடுக்கிறதென்றால், அதை வைத்திருக்கும் இடத்தை மாற்றுங்கள்.