ரிப்போர்ட் எல்லாம் நார்மல், களைப்பு மட்டும் போகவில்லை

வேலைக்குப் போகும் அம்மாக்கள் என்னிடம் சொல்லும் புகார்களில் முதலிடம் களைப்புக்குத்தான். "தூங்கி எழும்போதே அலுத்துப்போய் எழுந்திருக்கிறேன் டாக்டர்" என்பார்கள். பொது மருத்துவர் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது ரத்தத்தை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, தேவைப்பட்டால் பி12. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. "வீட்டு வேலை ஜாஸ்தி, அதான்" என்று தாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு இதை வருடக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள் உண்டு. பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்துவிட்டால், அடுத்து ஒரு கேள்வி கேட்பேன்: "இன்று ராத்திரி என்ன சாப்பாடு என்று வீட்டில் யாருக்குத் தெரியும்?" பெரும்பாலும் வரும் பதில், "எனக்குத்தான்." துணி சோப்பு தீரப்போவது? குழந்தையின் அடுத்த தடுப்பூசி? மாமனாரின் மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது? எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

ஒருமுறை இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண்ணின் போன் அடித்தது. கணவர். பையனின் சாக்ஸ் எங்கே என்று கேட்டார். "அலமாரியில ரெண்டாவது தட்டு, இடது ஓரம், டவலுக்குக் கீழே" என்று சொல்லிவிட்டு வைத்தார். அப்புறம் என்னிடம், "என் வீட்டுக்காரர் நல்லா உதவி பண்ணுவார் டாக்டர்" என்றார். பொய்யில்லை. சாக்ஸை மாட்டிவிட்டது அவர்தான். ஆனால் அந்த வீட்டின் வரைபடம் முழுக்க ஒரே ஒரு தலைக்குள் இருந்தது. அந்தத் தலை அப்போது டாக்டர் முன்னால் உட்கார்ந்து, களைப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சம்பளமில்லாத வீட்டு வேலை, பராமரிப்பு வேலைகளின் மொத்த நேரத்தில் 76.2 சதவீதத்தைப் பெண்களே செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்கிட்டது. சமைப்பது, கழுவுவது மாதிரி கண்ணுக்குத் தெரியும் வேலைகள்தான் இத்தகைய கணக்குகளில் ஏறும். தலைக்குள் ஓடுவது பெரும்பாலும் ஏறாது. சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த மூளை உழைப்பை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று பின்தொடர்வது. அவர் சந்தித்த தம்பதிகள் முடிவை மட்டும் பெரும்பாலும் சேர்ந்தே எடுத்தார்கள். முன்கூட்டியே உணர்வதும் பின்தொடர்வதும் பெண்ணின் பங்காகவே இருந்தன.

அதனால்தான் 'உதவி' கேட்காதீர்கள் என்கிறேன். ஒரு வேலையை முழுசாகக் கைமாற்றுங்கள். உதாரணமாக மதியச் சாப்பாட்டு டப்பா. அதை அடைத்துக் கொடுப்பது மட்டும் அந்த வேலை இல்லை. மாலையில் டப்பா வந்ததா, எதை மிச்சம் வைத்திருக்கிறது பிள்ளை, நாளைக்கு என்ன, அதற்கு வீட்டில் சாமான் இருக்கிறதா, இல்லையென்றால் யார் வாங்குவது... இத்தனையும் சேர்ந்ததுதான் டப்பா வேலை. கணவர் எடுத்துக்கொண்டால் இவ்வளவையும் எடுத்துக்கொள்ளட்டும். "என்ன வைக்கணும்?" என்று அவர் கேட்டால், "நீங்களே பாருங்க" என்பதுதான் பதில். ஆரம்பத்தில் ஒரே சாப்பாடு நாலு நாள் போகும், மூடி மாறிப்போகும். குறுக்கே போகாதீர்கள். பக்கத்தில் நின்று திருத்த ஆரம்பித்தால் மேற்பார்வை வேலை திரும்ப உங்களிடமே வந்துவிடும். அது சமைப்பதைவிட அலுப்பு.

கைமாற்ற ஆளில்லாமல் தனியாகக் குடும்பம் நடத்துபவர்களுக்கு, முடிவுகளைக் குறைப்பதுதான் வழி. வாரத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பட்டியல் எழுதி, அதையே எல்லா வாரமும் ஓட்டுங்கள். குழந்தைகள் சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. பிள்ளைகளுக்கும் வயதுக்கேற்ற வேலை கொடுக்கலாம், பையனுக்கும் சேர்த்து.

வார இறுதியில் மொத்தமாகச் சமைத்து வைப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், வயிற்றுப்போக்கோடு வரும் குடும்பங்களையும் நான்தானே பார்க்கிறேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். எனவே சமைத்த உணவு 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. பெரிய பாத்திரத்தோடு தூக்கி வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள். ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அப்படி வைத்ததை 3, 4 நாளில் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டியதை முதல் நாளே ஃப்ரீசரில் போட்டு, மூடியில் தேதி எழுதிவிடுங்கள். சூடாக்கும்போது வேண்டிய அளவு மட்டும் எடுத்து, உள்ளே வரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

சோற்றில் கூடுதல் கவனம் தேவை. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. "சுட வைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

அப்புறம் உங்கள் தட்டு. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை நின்றபடி வாயில் போட்டுக்கொண்டு, அதையே இரவுச் சாப்பாடு என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். எல்லோருக்கும் பரிமாறும்போதே உங்களுக்கும் ஒரு தட்டு போட்டு உட்காருங்கள். சாப்பாட்டோடு சேர்த்து டீயோ காபியோ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்; ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மூச்சு வாங்குதல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, காரணமில்லாமல் எடை ஏறுவது அல்லது இறங்குவது, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது... இவை களைப்போடு சேர்ந்தால் வேலைப் பங்கீட்டால் மட்டும் தீராது, மருத்துவரைப் பாருங்கள். வரும்போது முடிந்தால் கணவரையும் கூட்டி வாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுக்க எனக்கு நீங்கள் ஒருவர் போதும். டப்பா யார் பொறுப்பு என்று பேசத்தான் அவரும் வேண்டும்.