முட்டையில் எச்சம் ஒட்டாமல் இருப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு அக்கா, வீட்டுக்குப் பின்னால் ஆறு கோழி வளர்க்கிறார். போன வாரம் என்னிடம் கேட்டார்: "தம்பி, கோழிக்குப் பின்னால இருக்கறது ஒரே ஓட்டை. எச்சமும் அது வழியாத்தான், முட்டையும் அது வழியாத்தான். அப்ப முட்டை எப்படிச் சுத்தமா இருக்கும்?" கோழி வளர்க்கும் எல்லாருக்கும் வர வேண்டிய கேள்வி இது.

முட்டையிட்டு ஓய்ந்த கோழியை 'ஹார்ட் ஃபவுல்' என்று உயிரோடு வாங்கி வந்து கறி சமைப்பது இங்கே நம் வீடுகளில் வழக்கம். ஆயா கோழியை அறுத்துத் திறக்கும்போது உள்ளே மஞ்சள் கருக்கள் கொத்தாகத் தொங்கும். ஒன்று எலுமிச்சங்காய் அளவு, அடுத்தது கோலிக்குண்டு அளவு, அப்புறம் மிளகு, கடுகு என்று சிறுத்துக்கொண்டே போகும். நாளைய முட்டை, நாளை மறுநாள் முட்டை எல்லாம் அங்கே வரிசையில் காத்திருக்கும். அந்தக் கொத்துதான் அண்டகம். அதைக் கோழியின் இடப்பக்கம் மட்டுமே பார்க்கலாம். குஞ்சு முட்டைக்குள் உருவாகும்போது இரண்டு பக்கமும் தொடங்கினாலும் வலப்பக்கத்து அண்டகம் பெரும்பாலும் வளராமலே சுருங்கிவிடும்.

முதிர்ந்த மஞ்சள் கரு கழன்று முட்டைக்குழாய்க்குள் விழுகிறது. சேவலோடு சேர்ந்திருந்தால் கரு உண்டாவது அந்த முதல் கால் மணி நேரத்தில்தான். பிறகு மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ளும். அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு மெல்லிய சவ்வுகள் போர்த்தும். ஓடு மட்டும் சுமார் இருபது மணி நேரம் எடுக்கும். ஒரு ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் இரவில், இரை இல்லாத நேரத்தில் நடப்பதால், கோழி தன் எலும்பிலிருந்தே கொஞ்சத்தை எடுத்துக் கொடுக்கும்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டர்பன் ஜனவரி வெக்கையில் ஓடில்லாத, தோல் மாதிரி முட்டை வந்தால், திருஷ்டி என்று சொல்லிக் கோழியையே அறுத்துவிடுகிறார்கள். எனக்கு இது மனசுக்கு ஆகவில்லை. வெக்கையில் கோழி வாயைத் திறந்து இரைக்கிறது. இரைக்க இரைக்க ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு வெளியே போய்விடும். கால்சியத்தோடு சேர்ந்து ஓடாக மாறும் கார்பனேட் அந்த வாயுவிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் ஓடும் மெலியும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும், சாயங்காலம் ஒரு கை சிப்பித் தூளும் கொடுத்துப் பாருங்கள்.

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம். வால் பக்கம் இருக்கும் அந்த ஒரே வாசலுக்கு உள்ளே மூன்று அறை கொண்ட ஒரு கூடம் இருக்கிறது. குளோயக்கா என்பார்கள். குடல் வந்து சேர்வது கடைசி உள்ளறையில். சிறுநீர்க் குழாய்களும் முட்டைக்குழாயும் திறப்பது நடு அறையில். கோழிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. நடு அறைக்கு வந்த சிறுநீர் பின்னோக்கிக் குடலுக்குள் தள்ளப்பட்டு, அங்கே தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. மிச்சம் யூரிக் அமிலம். எச்சத்தின் மேல் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் கோழியின் சிறுநீர்.

அப்படியானால் முட்டை அந்தக் கூடத்தின் வழியாகத்தானே உருண்டு வர வேண்டும்? இல்லை. இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. சட்டைக் கையை உட்புறம் வெளியே வரும்படி உருவுகிறோம் அல்லவா, முட்டையிடும் நேரத்தில் முட்டைக்குழாயின் கடைசிப் பகுதி அப்படியே புரண்டு, குளோயக்காவைக் கடந்து, வாசலுக்கு வெளியே நீண்டுவிடுகிறது. முட்டையைச் சுற்றி இருப்பது குழாயின் சொந்த உட்சுவர்தான். அது விரிந்து அழுத்துவதால் குடலின் வாயும் அந்தச் சில நொடிகள் மூடிக்கொள்ளும். எச்சம் போகும் பாதையை முட்டை தொடுவதே இல்லை.

பொறுமை இருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். கோழி பாதி எழுந்து நின்று முக்கும்போது, முட்டையைச் சுற்றி ஈரமான சிவப்பு வளையம் ஒன்று பிதுங்கும். முட்டை விழுந்ததும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே முட்டையைத் தொட்டால் ஈரமாக வழுக்கும். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். அந்த ஈரம் ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அடைக்கும் ஒரு மெல்லிய பூச்சு. கிருமிக்கு எதிரான முதல் காவல் அதுதான். முட்டையைத் தேய்த்துக் கழுவினால் அது போய்விடும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இன்னும் மோசம், உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்கி அழுக்கைத் துளை வழியாக இழுத்துக்கொள்ளும். வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி சில சமயம் ஓடு உருவாகும் முன்பே உள்ளே போய்விடுகிறது என்பதால் நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டியது வேறு விஷயம்.

அப்ப அக்கா காட்டிய முட்டைகளில் ஒட்டியிருந்த எச்சம் எங்கிருந்து வந்தது? கூட்டைப் போய்ப் பார்த்தேன். முட்டைப் பெட்டி மேலே, கோழி உட்காரும் கம்பு கீழே. கோழி உயரமான இடமாகப் பார்த்துத்தான் உறங்கப் போகும், ஆறும் பெட்டிக்குள்ளேயே படுத்து இரவு முழுக்க அங்கேயே எச்சமிட்டிருந்தன. கம்பைப் பெட்டிக்கு மேலே ஒரு முழம் உயர்த்திக் கட்டிவிட்டு, புதுப் புல் பரப்பிக் கொடுத்தேன்.